சாமான் நிறைந்த அறையில் எங்கே கை வைப்பது? அறிகுறி பார்த்துச் சரிசெய்யும் வழி

பல வீடுகளில் ஒரு அறை இருக்கும். கல்யாணச் சீராக வந்த பாத்திரம், பிள்ளைகளின் பழைய பாடப்புத்தகம், ஓடாத மிக்சி, டிவி வந்த அட்டைப்பெட்டி, யாரோ ஊருக்குப் போகும்போது வைத்துவிட்டுப் போன சூட்கேஸ் என்று எல்லாம் அதற்குள் போய்ச் சேரும். விருந்தாளி வந்தால் முதலில் அந்தக் கதவைத்தான் சாத்துவோம். எங்கள் வீட்டிலும் அப்படி ஒன்று இருந்தது. கும்பகோணத்தில் இருந்த பெரிய வீட்டைக் காலி செய்துவிட்டுத் திருச்சியில் இரண்டு படுக்கையறை ஃபிளாட்டுக்கு வந்தபோது, அப்புறம் பிரித்துக்கொள்ளலாம் என்று எல்லாவற்றையும் உள் அறையில் அடுக்கினோம். அந்த ‘அப்புறம்’ வருவதற்கு ஆறு வருடம் ஆனது. தொடங்கிய பிறகு வேலை ஏழு வாரத்தில் முடிந்துவிட்டது.

ஏழு வாரத்துக்குப் பதிலாக ஆறு வருடம் ஏன் ஆனது என்று நிறைய யோசித்திருக்கிறேன். ஒரு ஏரிக்கு நீர் வரும் வாய்க்கால் இருக்கும், பாசனத்துக்கு மதகு இருக்கும், மிஞ்சிய நீர் வழிந்து போகக் கலங்கல் இருக்கும். கலங்கலை அடைத்துவிட்டால் எவ்வளவு பெரிய ஏரியானாலும் கரை உடையும். நம் வீடுகளுக்குச் சாமான் வரும் வாய்க்கால் ஏராளம்: தள்ளுபடி விற்பனை, கல்யாண வீட்டுத் தாம்பூலப் பை, நவராத்திரி வெற்றிலைப் பாக்கோடு தரும் கிண்ணம், ஆன்லைனில் வாங்கும் பொருள். வெளியே போகும் வழியை மட்டும் யாரும் வெட்டி வைப்பதில்லை. நான் பார்த்த வீடுகளில் பெரும்பாலும் கோளாறு அங்கேதான் இருந்தது. இதற்கு வீட்டில் ஒருவரைச் சோம்பேறி என்றும் இன்னொருவரைக் கஞ்சம் என்றும் சொல்லிச் சண்டை போடுவதில் ஒரு பயனும் இல்லை.

கீழே உள்ளதை வரிசையாகப் படிக்க வேண்டாம். உங்கள் நிலைமை எந்தத் தலைப்போடு பொருந்துகிறதோ அங்கே போய்த் தொடங்குங்கள். வெளியே அனுப்பும் வழி பற்றிய மூன்றாம் பகுதியை மட்டும் எல்லோரும் படித்துவிடுங்கள்.

கை வைக்கும் முன் சில முன்னேற்பாடுகள். பல வருடம் அசையாத மூட்டையைத் தூக்கினால் தூசியும் பூஞ்சையும் ஒரேயடியாகக் கிளம்பும். ஆஸ்துமா உள்ளவர் அந்த அறையில் நிற்கவே கூடாது, மற்றவர்கள் முகக்கவசம் போட்டுக்கொள்ள வேண்டும். ஜன்னலைத் திறந்து வைத்து அரை மணி நேரம் கழித்து உள்ளே போங்கள். தரையோடு கிடக்கும் சாக்கு, விறகு, பழைய செருப்பு ஆகியவற்றுக்கு அடியில் தேளும் பூரானும் இருக்கலாம். கையை உள்ளே விடாமல் கழியால் தள்ளிப் பார்த்துவிட்டு எடுங்கள். பரண் வேலைக்கு ஸ்டூல் மேல் ஸ்டூல் வைக்காதீர்கள். ஏணி வேண்டும், அதைப் பிடிக்க இன்னொருவர் வேண்டும். தனியாக இருக்கும் நாளில் பரண் பக்கம் போகவே வேண்டாம்.

1. கதவைத் திறந்ததும் திகைத்து நிற்கிறேன், எங்கே தொடங்குவதென்று தெரியவில்லை

அறை முழுவதையும் ஒரே பார்வையில் பார்ப்பதால் வரும் திகைப்பு இது. இருநூறு பொருள் கண்ணில் பட்டால் இருநூறுக்கும் என்ன செய்வதென்று மனசு ஒரே நேரத்தில் கேட்கிறது. பதில் வராது, கதவைச் சாத்திவிடுவோம்.

பார்வையைச் சுருக்குவதுதான் மருந்து. கதவுக்கு உள்பக்கம், வாசல்படியை ஒட்டி ஒரு பழைய வேட்டியை விரியுங்கள். கை எட்டும் தூரத்தில் இருப்பதை மட்டும் அதன்மேல் எடுத்து வையுங்கள். வேட்டி நிறைந்ததும் எடுப்பதை நிறுத்திவிட்டு, அதில் இருப்பதை மட்டும் பிரியுங்கள். அறையின் மூலையில் என்ன இருக்கிறது என்று இன்றைக்கு எட்டிப் பார்க்கவே வேண்டாம். வாசலிலிருந்து தொடங்கச் சொல்வதற்குக் காரணம் உண்டு. முதல் நாளே நிற்க இடம் கிடைக்கும், அடுத்த நாள் உள்ளே போக வழி கிடைக்கும். நடு அறையில் தொடங்கினால் பிரித்ததை வைக்க இடமில்லாமல் குவியல் மேல் குவியலாகிவிடும்.

முதல் நாள் யோசிக்கவே தேவையில்லாத பொருளை மட்டும் எடுங்கள். காலி அட்டைப்பெட்டி, மூடியில்லாத டப்பா, எழுதாத பேனா, உடைந்த பிளாஸ்டிக் வாளி, போன வருடத்து நாட்காட்டி, பால் கவர், தெர்மகோல். இருபது நிமிடம் போதும். கடிகாரம் வைத்துக்கொண்டு செய்யுங்கள், நேரம் முடிந்ததும் நன்றாகப் போய்க்கொண்டிருந்தாலும் நிறுத்துங்கள். முதல் நாளே ஆறு மணி நேரம் செய்தவர்கள் இரண்டாம் நாள் வருவதில்லை. என் அண்ணி அப்படித்தான் ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க வேலை செய்துவிட்டு, இடுப்பு வலியோடு இரண்டு மாதம் அந்த அறைப்பக்கமே போகவில்லை.

இங்கே ஒரு தடங்கல் வரும். நாட்காட்டி அட்டையில் முருகன் இருப்பார், கல்யாணப் பத்திரிகையில் பிள்ளையார் இருப்பார். எப்படித் தூக்கிப் போடுவது என்று கை தயங்கும். அந்தத் தயக்கம் நியாயமானது. சாமி படங்களுக்கென்று தனியாக ஒரு பை வைத்துக்கொள்ளுங்கள். கண்ணாடிச் சட்டம் போட்ட படமென்றால் சட்டத்தையும் கண்ணாடியையும் பிரித்து, படக்கடையில் வாங்கிக்கொள்வார்களா என்று கேளுங்கள். தாளில் அச்சடித்ததை, தோட்டம் இருந்தால் மண்ணில் புதைத்துவிடலாம். இல்லையென்றால் தண்ணீரில் ஊறவைத்துக் கூழாக்கிச் செடிக்கு அடியில் போடலாம். அரசமரத்தடியிலும் ஆற்றங்கரையிலும் வைத்துவிட்டு வந்தால் மழையில் ஊறிக் காலில் மிதிபடுகிறது. அதைவிட மண்ணில் புதைப்பது மரியாதை.

2. தொடங்குகிறேன், ஆனால் அரை மணியில் ஏதோ ஒன்றில் உட்கார்ந்துவிடுகிறேன்

கையில் இருப்பது போட்டோ ஆல்பமா, பழைய கடிதமா, பிள்ளை முதல் வகுப்பில் வரைந்த படமா? அப்படியென்றால் வரிசை மாறிவிட்டது, அவ்வளவுதான். எது கனமானதோ அது கடைசியில் வர வேண்டும். இங்கே கனம் என்று சொல்வது மனசுக்கு.

எனக்குச் சரிவந்த வரிசை இது: முதலில் குப்பை, அடுத்து ஒன்றுக்கு மேல் இருக்கும் சாமான், அடுத்து துணி, அடுத்து பாத்திரம், அடுத்து காகிதம், கடைசியாக நினைவுப் பொருள். நடுவில் ஆல்பம் கையில் அகப்பட்டால் திறக்காமல் ஒரு பெட்டியில் போட்டுச் சணலால் கட்டிவிடுங்கள். கட்டுவது முக்கியம். திறந்த பெட்டி கூப்பிட்டுக்கொண்டே இருக்கும்.

உட்கார வைப்பது நினைவுகள் இல்லை, களைப்புதான் என்றால் அதுவும் உண்மையான களைப்பு. ஒவ்வொரு பொருளைக் கையிலெடுக்கும்போதும் வைப்பதா கொடுப்பதா என்று முடிவெடுக்கிறோம். நாற்பது ஐம்பது முடிவுக்குப் பிறகு மனசு சோர்ந்து, எல்லாவற்றையும் ‘இருக்கட்டும்’ பக்கம் தள்ளத் தொடங்கும். ‘இருக்கட்டும்’ குவியல் திடீரென்று உயர்ந்தால் அன்றைக்கு வேலையை முடித்துக்கொள்ளுங்கள். சாப்பிடும் முன், பசியோடும் இந்த வேலை செய்யாதீர்கள்.

3. பிரித்துவிட்டேன், ஆனால் மூட்டைகள் வீட்டிலேயே கிடக்கின்றன

இதுதான் நான் முதலில் சொன்ன கலங்கல். பிரித்துக் கட்டிய மூட்டை ஒரு வாரம் ஹாலில் இருந்தால் வீட்டில் யாராவது அதைப் பிரித்து, இது நல்லாத்தானே இருக்கு என்று நாலு பொருளைத் திரும்ப எடுத்துக்கொள்வார்கள். இரண்டு வாரம் இருந்தால் மூட்டை அப்படியே பழைய அறைக்குத் திரும்பிவிடும். எங்கள் முதல் முயற்சி இப்படித்தான் வீணானது.

அதனால் வழக்கமான முறையைத் தலைகீழாக மாற்றிக்கொள்ளுங்கள். முதலில் பழைய பேப்பர்காரருக்குப் போன் போட்டு, ஞாயிறு பத்து மணிக்கு வாங்க என்று சொல்லிவிடுங்கள். பிறகு பிரிக்கத் தொடங்குங்கள். ஆள் வரப்போகிறார் என்று தெரிந்தால் கை தானாக வேகமாகப் போகும், முடிவும் தெளிவாக வரும்.

எது எங்கே போகும் என்பதை ஒரு தாளில் எழுதிச் சுவரில் ஒட்டிவிடுங்கள். எங்கள் வீட்டுத் தாளில் இருந்தவை இவை.

காகிதம்: தினத்தாள், அட்டைப்பெட்டி, நோட்டுப் புத்தகம் மூன்றுக்கும் விலை வேறு. கலந்து கொடுத்தால் குறைந்த விலையில்தான் எடை போடுவார்கள். தனித்தனியாகக் கட்டுங்கள்.

உலோகம்: இரும்பு, அலுமினியம், எவர்சில்வர், பித்தளை, செம்பு எல்லாம் காயலான் கடையில் வேறுவேறு விலை. செம்பும் பித்தளையும் இரும்பைவிடப் பல மடங்கு போகும். பித்தளையைக் கொடுக்கும் முன் ஐந்தாம் பகுதியைப் படித்துவிடுங்கள்.

துணி: துவைத்து மடித்ததை மட்டும் பிறருக்குக் கொடுக்க வேண்டும். கிழிந்ததை ‘ஏழைகளுக்கு’ என்று கொடுப்பது தவறு, அது கரித்துணிதான். பள்ளிச் சீருடை, ஷூ, பை கொடுப்பதென்றால் மே மாதம் கொடுங்கள். ஜூனில் பள்ளி திறக்கும்போது உதவும், அக்டோபரில் கொடுத்தால் அவர்கள் வீட்டில் அது இன்னொரு மூட்டை.

மின்சாதனம்: 2006க்குப் பிறகு அரசு கொடுத்த வண்ணத் தொலைக்காட்சியும், 2011க்குப் பிறகு வந்த மிக்சி, கிரைண்டர், மின்விசிறியும் பழுதாகி இன்னும் பல வீட்டுப் பரணில் இருக்கின்றன. அந்தப் பெட்டி டிவியின் படக்குழாய்க் கண்ணாடியில் ஈயம் கலந்திருக்கிறது. உடைத்துச் செம்புக் கம்பியை மட்டும் உருவிக்கொண்டு மிச்சத்தை வாய்க்காலில் போடுகிறவரிடம் அதைக் கொடுக்கக் கூடாது. இந்தியாவில் 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ள மின்கழிவு விதிகளின்படி, பொருளைத் தயாரித்த நிறுவனத்துக்கும் அதை மறுசுழற்சிக்கு அனுப்பும் பொறுப்பு உண்டு. நிறுவனத்தின் வாடிக்கையாளர் எண்ணுக்கு அழைத்துக் கேளுங்கள், அல்லது பதிவு பெற்ற மின்கழிவு மறுசுழற்சியாளரைத் தேடுங்கள். புதிது வாங்கும்போது கடையில் பழையதை எடுத்துக்கொள்ளச் சொல்வது இன்னும் சுலபம்.

ஆபத்தானவை: குழல் விளக்கிலும் சி.எஃப்.எல். பல்பிலும் பாதரசம் உண்டு, உடையாமல் அட்டையில் சுற்றித் தனியாகக் கொடுக்க வேண்டும். பழைய செல்போனின் பேட்டரி உப்பியிருந்தால் அதை அழுத்தாதீர்கள், குத்தாதீர்கள், காகித மூட்டையோடு சேர்க்காதீர்கள். அது தீப்பிடிக்கக்கூடியது.

போகிக்கு எல்லாவற்றையும் கொளுத்திவிடலாமே என்று கேட்பவர்கள் உண்டு. போகி வீட்டைக் காலி செய்ய நமக்குக் கிடைத்த அருமையான நாள். ஆனால் ஓலையும் கிழிந்த பாயும் எரித்த காலத்தின் வழக்கம் அது. இன்றைக்கு அந்தக் குவியலில் பிளாஸ்டிக்கும் ரெக்சினும் டயரும் இருக்கின்றன, அந்தப் புகை தெருக் குழந்தைகளின் நெஞ்சுக்குள் போகிறது. போகியைக் கடைசி நாளாக வைத்துக்கொள்ளுங்கள்: தை பிறப்பதற்குள் இந்த அறை காலி. எரிப்பது வேண்டாம்.

4. ‘எப்பவாவது தேவைப்படும்’ என்று கை நின்றுவிடுகிறது

இதற்குப் பின்னால் மனித இயல்பு ஒன்று இருக்கிறது. 1990இல் டேனியல் கானமன், ஜாக் நெட்ஷ், ரிச்சர்ட் தேலர் என்ற ஆய்வாளர்கள் மூவரும் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். மாணவர்களில் பாதிப் பேருக்குக் காபிக் கோப்பை கொடுத்து, அதை விற்கச் சொன்னார்கள். மற்றவர்கள் வாங்கத் தயாராக இருந்த விலையைப் போல் இரண்டு மடங்குக்கு மேல் கேட்டார்கள் கோப்பை வைத்திருந்தவர்கள். கோப்பை கைக்கு வந்து சில நிமிடம்தான் ஆகியிருந்தது. அப்படியிருக்க, பதினைந்து வருடம் நம்மோடு இருந்த டிபன் கேரியர் என்ன பாடு படுத்தும்!

இதிலிருந்து கிடைக்கும் ஒரு கேள்வி எனக்கு நிறைய உதவியது. இது இன்றைக்கு என்னிடம் இல்லையென்றால், காசு கொடுத்து வாங்குவேனா? இல்லை என்று உடனே பதில் வந்தால் அது போகலாம்.

அப்படியும் மனசு ஒப்பவில்லையா? என் தம்பி ஓசூரில் தொழிற்சாலையில் வேலை பார்க்கிறான். வேலை செய்யும் இடத்தை ஒழுங்காக வைத்துக்கொள்ள ஜப்பானிலிருந்து வந்த ‘ஃபைவ் எஸ்’ முறை அங்கே தினசரிப் பழக்கம். அதன் முதல் படியில் சிவப்புச் சீட்டு என்று ஒன்று உண்டு. தேவையா இல்லையா என்று தெரியாத பொருளில் தேதி எழுதிய சிவப்புச் சீட்டைக் கட்டித் தனி இடத்தில் வைப்பார்கள். குறித்த நாள்வரை யாரும் கேட்டு வரவில்லையென்றால் அந்தப் பொருள் வெளியேறும். நாங்கள் சிவப்புச் சீட்டுக்குப் பதில் பழைய ராக்கிக் கயிற்றைக் கட்டி, அட்டையில் தேதி எழுதி, கட்டிலுக்கு அடியில் வைத்தோம். மூன்று மாதம் கெடு. முப்பத்தொரு பொருளில் நாங்கள் தேடி எடுத்தது இரண்டே இரண்டு: ஒரு துளையிடும் கருவி, ஒரு இடியாப்பக் கட்டை. மற்றவற்றை அனுப்பும்போது யாருக்கும் வருத்தமே இல்லை.

டப்பாக்களுக்கு இந்தக் கேள்விகளெல்லாம் தேவையில்லை. ஐஸ்கிரீம் டப்பா, ஊறுகாய் பாட்டில், ஹோட்டல் பார்சல் டப்பா எல்லாவற்றையும் தரையில் பரப்பி, ஒவ்வொன்றுக்கும் மூடி தேடுங்கள். மூடி பொருந்தாதது முதலில் போகும். மிச்சத்தில் ஒரு அலமாரித் தட்டில் எத்தனை அடங்குமோ அத்தனை மட்டும். தட்டுதான் அளவு. சாமான் வந்த அட்டைப்பெட்டிகளை உத்தரவாதக் காலம் முடியும்வரை வைத்திருங்கள், அப்புறம் மடித்துக் கொடுத்துவிடலாம். அடிக்கடி இடமாற்றம் வரும் வேலையில் இருப்பவர்கள் டிவி பெட்டியை மட்டும் வைத்துக்கொள்வது புத்திசாலித்தனம்.

5. வீட்டில் பெரியவர்கள் எதையும் விட மாட்டேன் என்கிறார்கள்

அவர்கள் வெளியூர் போன நேரத்தில் எடுத்துப் போட்டுவிடலாம் என்று தோன்றும். தயவுசெய்து செய்யாதீர்கள். ஒரு முறை அப்படி நடந்துவிட்டால் அடுத்த பத்து வருடத்துக்கு அவர்கள் பரண் சாவியை இடுப்பில் செருகிக்கொள்வார்கள். அதோடு, அது அவர்களுடைய பொருள்.

ரேஷன் கடை வரிசையில் மண்ணெண்ணெய்க்கு நின்றவர்கள் அவர்கள். ஒரு எவர்சில்வர் குடம் வாங்க வருடக்கணக்கில் சீட்டுக் கட்டியவர்கள். பொருளை விடாமல் பிடித்துக்கொண்டதால்தான் குடும்பம் நின்றது. இதை மனசில் வைத்துக்கொண்டு பேசினால் குரலே மாறும்.

எங்கள் அறையில் பெரிய தடை ஒரு பித்தளை அண்டா. அம்மாவுக்குச் சீராக வந்தது. எடுக்கவும் முடியாது, நகர்த்தவும் முடியாது. போடலாமா என்று கேட்டபோதெல்லாம் அம்மாவின் முகம் இறுகிவிடும். ஒரு நாள் வேறு மாதிரி கேட்டேன்.

“இது யார் வீட்டுல இருந்தா உனக்குச் சந்தோஷம்மா?”

கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம் சொன்னாள்: “உன் சித்தி மக தோட்டத்தோட வீடு கட்டியிருக்காளே. விசேஷம்னா அவ வீட்டுலதான் எல்லாரும் கூடுறோம். அவகிட்ட இருந்தா அடுப்புல ஏறும்.”

“அப்போ அவகிட்டயே கொடுத்துடலாமா?”

“புளி போட்டுத் தேய்ச்சுக் கொடு. அப்படியே கொடுக்காதே.”

அந்த வாரமே அண்டா போனது. பொங்கலுக்கு அதில் வெந்நீர் போட்ட படத்தைச் சித்தி மகள் அனுப்பினாள், அம்மா அதை எல்லோருக்கும் காட்டினாள். போடலாமா, எறியலாமா என்ற சொல்லே பெரியவர்கள் காதில் விழக்கூடாது. யாருக்குக் கொடுக்கலாம் என்று கேளுங்கள். கொடுப்பது அவர்களுக்குப் பெருமை, எறிவது அவமானம்.

இன்னொன்று: முதல் மூட்டை உங்களுடையதாக இருக்கட்டும். உங்கள் கல்லூரி நோட்டும் ஓடாத ஹெட்போனும் வெளியே போவதைப் பார்த்த பிறகுதான் மற்றவர்களிடம் பேச உரிமை வரும்.

சில வீடுகளில் நிலைமை இதைத் தாண்டியிருக்கும். படுக்கக்கூட இடமில்லாமல் சாமான் நிறைந்திருக்கும், கிழிந்த காகிதத்தை எடுத்தால்கூட அவர் தாங்க முடியாமல் துடிப்பார். பொருளைச் சேர்த்துக்கொண்டே போகும் இந்த நிலையை ஒரு தனி மனநலக் கோளாறாக அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் 2013இல் வெளியிட்ட கையேடு வகைப்படுத்தியது. அங்கே சுத்தம் செய்வது தீர்வு ஆகாது, மனநல மருத்துவரைப் பார்க்க வேண்டும். 14416 என்ற எண்ணில் டெலி மானஸ் என்னும் அரசின் இலவச மனநல உதவி கிடைக்கிறது, தமிழிலும் பேசலாம்.

6. காகிதக் குவியலைத் தொடவே பயமாக இருக்கிறது

முக்கியமான ஒன்று போய்விடுமோ என்ற பயம். அது சரியான பயம்தான். அதனால் எதைத் தூக்கிப் போடுவது என்று தேடாதீர்கள், எதைக் காப்பாற்றுவது என்று தேடுங்கள். காப்பாற்ற வேண்டியது ஒரு கோப்பில் அடங்கிவிடும்.

என்றைக்கும் வைத்திருக்க வேண்டியவை: கிரயப் பத்திரம், தாய்ப் பத்திரம், பட்டா, உயில், வீட்டுக்கடன் முடிந்ததற்கான கடிதம், பிறப்பு இறப்புச் சான்றிதழ், திருமணப் பதிவு, பத்தாம் வகுப்பு முதல் பட்டம்வரை மதிப்பெண் சான்றிதழ்கள், மாற்றுச் சான்றிதழ், சாதிச் சான்றிதழ், ஓய்வூதிய ஆணை, நடப்பில் உள்ள காப்பீட்டு ஆவணங்கள். இவற்றை லேமினேட் செய்யாதீர்கள், சில அலுவலகங்களில் ஏற்க மறுப்பார்கள். வேப்பிலையோ கற்பூரமோ போட்டு, சுவரை ஒட்டாமல் வையுங்கள். கரையான் சுவர் வழியாகத்தான் வரும்.

வருமான வரி தொடர்பானதை எட்டு வருடம் வைத்திருங்கள். மின்கட்டண ரசீது, கேஸ் ரசீது, வங்கி அனுப்பிய விளம்பரக் கடிதம் போன்றவை போகலாம். பளபளப்பான தாளில் வரும் கடை ரசீதின் எழுத்து ஓரிரு வருடத்தில் மங்கிவிடும், உத்தரவாதத்துக்குத் தேவையென்றால் இன்றே படம் எடுத்துக்கொள்ளுங்கள். வில்லங்கச் சான்றைப் பதிவுத்துறை இணையதளத்திலேயே பார்க்க முடிகிறது. ஓட்டுநர் உரிமம், வாகனப் பதிவு போன்றவற்றை 2015 முதல் இருக்கும் டிஜிலாக்கர் என்ற அரசின் இணைய ஆவணப் பெட்டகத்தில் எடுத்து வைக்கலாம்.

ஆதார், பான், வங்கிக் கணக்குப் புத்தகத்தின் ஜெராக்ஸ் நகல்களைப் பழைய பேப்பரோடு போடவே கூடாது. அந்தத் தாள் எங்கே சுற்றிக்கொண்டு போகும் என்று நமக்குத் தெரியாது, டீக்கடையில் வடை மடித்துக் கொடுக்கும் தாளாகக்கூட வரும். கிழித்து ஒரு வாளித் தண்ணீரில் இரண்டு நாள் ஊறப்போட்டுப் பிசைந்துவிடுங்கள். எங்கள் பாட்டி காகிதக் கூழோடு ஊறவைத்து அரைத்த வெந்தயத்தைச் சேர்த்து முறத்துக்குப் பூசுவார். ஓட்டையெல்லாம் அடைந்து, காய்ந்ததும் கல்லு மாதிரி ஆகிவிடும். என் பழைய வங்கி நகல்கள் இப்போது வெங்காயக் கூடையாக இருக்கின்றன.

7. இறந்துபோனவரின் பொருள், கை வைக்க மனசு வரவில்லை

வைக்க வேண்டாம். வருடம் திரும்பும்வரை அந்த அலமாரியைத் தொடாதீர்கள். யார் அவசரப்படுத்தினாலும் விட்டுவிடுங்கள். மருந்து மாத்திரையை மட்டும் முதல் மாதமே அப்புறப்படுத்துங்கள், வீட்டில் குழந்தைகள் இருந்தால் அது ஆபத்து.

அப்பாவின் பெட்டியை நாங்கள் கடைசி வாரத்தில்தான் திறந்தோம். அம்மா, தம்பி, நான் மூவரும் சேர்ந்து உட்கார்ந்தோம். தனியாகத் திறக்காதீர்கள் என்று அனுபவத்தில் சொல்கிறேன். மூக்குக்கண்ணாடி, கைக்கடிகாரம், அவர் கணக்கு எழுதிய இரண்டு டைரி ஆகியவற்றை வைத்துக்கொண்டோம். வேட்டி சட்டைகளை அவரோடு வேலை பார்த்தவர் ஒருவர் கேட்டு வாங்கிக்கொண்டார். அவர் அந்தச் சட்டையில் ஒரு நாள் வீட்டுக்கு வந்தபோது அம்மா அழவில்லை, காபி போட்டுக் கொடுத்தாள்.

8. காலி செய்த இடம் இரண்டே வாரத்தில் மறுபடி நிறைந்துவிட்டது

காலியான தட்டு கண்ணில் பட்டால் வீட்டில் எல்லோரும் கையில் இருப்பதை அங்கே வைப்பார்கள். அதனால் காலியானதும் அந்த இடத்துக்கு ஒரு வேலை கொடுத்துவிடுங்கள். எங்கள் உள் அறையில் முதலில் காலியான சுவரோரத்தில் அம்மாவின் தையல் இயந்திரத்தைப் போட்டோம். அது ஓடத் தொடங்கிய பிறகு அங்கே யாரும் எதையும் கொண்டுவந்து வைக்கவில்லை.

நிறைந்தது என்னென்ன என்று ஒரு முறை பாருங்கள். எங்கள் வீட்டில் முக்கால்வாசி, டெலிவரி வந்த அட்டைப்பெட்டியும் விசேஷ வீட்டில் கொடுத்த பிளாஸ்டிக் கிண்ணமும்தான். கிண்ணத்துக்கு ஒரு பை வைத்தோம், வீட்டு வேலைக்கு வரும் அக்கா தனக்கு வேண்டியதை முதலில் எடுத்துக்கொள்வார், மிச்சம் மாதக் கடைசியில் போகும். கடைக்குப் போகும்போது மஞ்சப்பை எடுத்துப் போவதால் கவர் சேர்வது நின்றது.

அட்டைப்பெட்டியைப் பிரித்த அன்றே தட்டையாக மடித்து வாசல் செருப்பு ஸ்டாண்டுக்குப் பின்னால் நிறுத்துகிறோம். பேப்பர்காரர் ஒவ்வொரு மாதமும் இரண்டாம் ஞாயிறு காலை வருகிறார். போன் போடவே தேவையில்லை, கீழே நின்று மணியடிப்பார்.